இலை உதிர்ந்த மரத்துக்கும் பெயர் உண்டு

மாசி பிறந்து பங்குனி வரும் வேளையில் ஜவ்வாது மலை ஓடைக் கரைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கார்த்திகையில் பச்சைப் பந்தல் போட்டதுபோல் நின்ற மரங்கள் எல்லாம் எலும்புக்கூடாக நிற்கும். ஓடையில் தண்ணீர் ஆங்காங்கே குட்டையாகத் தேங்கியிருக்கும். சாமையும் கேழ்வரகும் அறுவடையாகி வீட்டுக்கு வந்தாகிவிட்டது. கையில் வேலை இல்லை, பணமும் இல்லை. அந்தச் சமயம் பார்த்துத்தான் அடிவாரத்திலிருந்து மர வியாபாரிகள் மேலே ஏறி வருகிறார்கள்.

இது தற்செயலாக நடக்கிற காரியம் அல்ல என்பது என் அபிப்பிராயம். இலையோடு நிற்கிற மரத்தை விற்பவனுக்கும் தெரியும், வாங்குபவனுக்கும் தெரியும். இலையில்லாமல் நிற்கிற மரத்தை வாங்குபவனுக்கு மட்டுமே தெரியும். பட்டையைப் பார்த்தே அது என்ன மரம், வண்டிக்கு ஆகுமா, கட்டடத்துக்கு ஆகுமா, கடைசலுக்கு ஆகுமா என்று அவன் கணக்குப் போட்டுவிடுகிறான். விற்கிறவனோ "பட்டுப்போன மரம்தானே, வந்த விலைக்குப் போகட்டும்" என்று விறகு விலைக்குத் தலையாட்டி விடுகிறான். பிறகு சித்திரையில் மழை பெய்து, பக்கத்தில் நிற்கிற அதே ஜாதி மரம் துளிர்விடும்போதுதான் விஷயம் புரிகிறது.

சென்ற வருஷம் பங்குனியில் ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் இப்படி ஒரு பேரம் நடந்துகொண்டிருந்த இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தேன். நிலத்துக்காரர் நடுவயதுக்காரர். இரண்டு ஏக்கர் சாமை, கொஞ்சம் நெல், ஓடைக் கரையில் ஒரு கிணறு. கிணற்றுக்கும் ஓடைக்கும் நடுவே வரப்பில் மூன்று மரங்கள் வரிசையாக நின்றன. மூன்றிலும் ஓர் இலை கிடையாது. "பட்டுப்போச்சுங்க ஐயா. போன வருஷமே இப்படித்தான் இருந்திச்சு" என்றார். போன வருஷம் எந்த மாதத்தில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். இதே மாசம்தான் என்றார். வைகாசி, ஆனியில் அவர் மேல்காட்டில் உழவில் இருப்பவர். கிணற்றுப் பக்கம் இறைப்புக் காலத்தில்தான் வருகிறார். ஆக, அவர் கண்ணுக்கு அந்த மரம் எப்போதும் பட்டுப்போன மரம்தான்!

நானும் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். சாம்பல் நிறப் பட்டை, வழவழப்பு, தண்ணீர்க் கரை. ஆகவே மாவிலங்கம் என்று அடித்துச் சொன்னேன். நிலத்துக்காரரின் தாயார் சற்றுத் தள்ளி ஆடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் வந்து ஒரு தாழ்ந்த கிளையை வளைத்துப் பிடித்து, நுனியை என் கண்ணுக்கு நேரே நீட்டினார். "மாவிலங்கமா இருந்தா கிளை இப்படி ஜோடி ஜோடியா வருமா?" என்றார். பிறகு நகத்தால் கிளையைச் சுரண்டினார். உள்ளே பச்சை. இரண்டாவது மரத்திலும் பச்சை. மூன்றாவது மரத்தில் எட்டிய கிளைகளில் பச்சை தெரியவில்லை. மேலே எப்படியோ தெரியாது என்று விட்டுவிட்டார். கீழே சருகைக் கிளறி, சுண்டைக்காய் அளவில் கறுத்த உருண்டை ஒன்றைப் பொறுக்கி என் கையில் வைத்தார். நசுக்கியபோது பொடிப்பொடியாக உதிர்ந்தது. நீர்க்கடம்பு! நான் புத்தகத்தில் பலமுறை படித்த மரம். இலையும் பூவும் இல்லாதபோது எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போகாத அந்த அம்மாளுக்குத் தெரிந்தது.

அன்று வியாபாரி மரம் வாங்காமல் போனார். ஆனால் மலையில் ஒவ்வொரு பேரத்தின்போதும் ஒரு தாயார் ஆடு கட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகையால் இந்த விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலாவதாக ஒன்று. இலை உதிர்ப்பது நோய் அல்ல, சாவும் அல்ல. கோடையில் மண்ணில் ஈரம் குறையும்போது இலை வழியாக நீர் ஆவியாகிப் போவதைத் தடுத்துக்கொள்ள மரம் செய்துகொள்ளும் ஏற்பாடு. ஓடைக் கரை மரத்துக்குத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறதே, அது ஏன் உதிர்க்க வேண்டும் என்று கேட்பார்கள். நம் மலை ஓடைகள் வருஷம் முழுதும் ஓடுகிறவை அல்ல. செய்யாறும் மிருகண்டா நதியும் இங்கேதான் பிறக்கின்றன என்றாலும் பங்குனியில் அவற்றின் தலைப்பில் மணல்தான் இருக்கும். வற்றாத ஊற்றின் பக்கத்தில் நிற்கிற மரம் தாமதமாக, சில நாட்கள் மட்டும் உதிர்க்கும். சில சமயம் அரைகுறையாகவே உதிர்க்கும். ஒரே ஜாதி மரம், ஒரே ஓடையில், ஒன்று மொட்டையாகவும் நூறு கஜம் தள்ளி இன்னொன்று பச்சையாகவும் நிற்பதைப் பார்க்கலாம். ஆகவே பக்கத்து மரம் பச்சையாக இருக்கிறதே, இது மட்டும் மொட்டையாக இருக்கிறதே, இது செத்ததுதான் என்று தீர்மானித்துவிடக் கூடாது.

உயிர் இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய சாஸ்திரம் வேண்டாம். பென்சில் பருமனுள்ள கிளையை நகத்தால் சுரண்டினால் மேல்தோலுக்கு அடியில் பச்சையும் ஈரமும் தெரிய வேண்டும். வளைத்தால் வளைய வேண்டும். சுள்ளி மாதிரி படீரென்று ஒடியக் கூடாது. ஆனால் ஒரே ஒரு கிளையைப் பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. ஒரு பக்கம் பட்டு மறுபக்கம் உயிரோடு இருக்கும் மரங்கள் ஏராளம். நாலு திசையிலும் பார்க்க வேண்டும். எட்டாவிட்டால் ஒரு பையனை ஏற்றிப் பார்க்க வேண்டும்.

உயிர் இருக்கிறது என்று தெரிந்தபின் பெயர். இங்கேதான் பெரும்பாலோர் அண்ணாந்து பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தரையை. மரத்தில் இலை இல்லையென்றால் அது எங்கே போயிற்று? கீழேதான் கிடக்கிறது. காற்று அடித்துப் போனாலும், வேர் இடுக்கிலும் கல் சந்திலும் நாலு சருகு தங்கியிருக்கும். சருகோடு காய், விதை, காய்ந்த பூங்காம்பு இவற்றில் ஏதாவது ஒன்று அகப்படும். பக்கத்து மரத்தின் சருகும் கலந்திருக்கும் என்பதால் ஒன்றை வைத்துத் தீர்மானிக்காமல் எது அதிகமாகக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளம் வந்து போன இடத்தில் மட்டும் இந்தச் சாட்சியை நம்ப முடியாது. மேலே எங்கோ நின்ற மரத்தின் காயை ஓடை கொண்டுவந்து போட்டிருக்கும்.

அடுத்தது, அடிமரத்தைச் சுற்றி வெடித்த இளங்கன்றுகள். பெரிய மரம் மொட்டையாக நிற்கும்போது நிழலில் இருக்கும் கன்றும், வெட்டுப்பட்ட அடியிலிருந்து கிளம்பிய போத்தும் பெரும்பாலும் இலையோடு இருக்கும். இதைப் பார்க்காமலே பெயர் தெரியவில்லை என்று திரும்பி வருகிறவர்கள் அதிகம். நானும் அன்று பார்க்கவில்லை.

இனி மரங்களுக்கு வருவோம். மலை ஓடைக் கரையில் கோடையில் குழப்பம் கொடுக்கும் மரங்கள் ஐந்தாறுதான்.

நீர்மருதை ஒருமுறை சரியாகப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடிமரம் பருத்து, வேரோடு சேருமிடத்தில் பட்டை பட்டையாகப் புடைத்திருக்கும். பட்டை வெளிறிய சாம்பல் நிறம். பெரிய பெரிய தகடுகளாக உரியும். உரிந்த இடம் இளஞ்சிவப்பாகவோ வெளிர்ப்பச்சையாகவோ வழவழவென்று இருக்கும். எட்டத்திலிருந்து பார்த்தால் மரம் வெள்ளையடித்ததுபோல் தெரியும். கீழே தேடினால் ஐந்து இறக்கை வைத்த கெட்டியான காய் அகப்படும். இந்தக் காய் கிடைத்துவிட்டால் மருது இனம் என்பது உறுதி. ஆனால் கருமருதுக்கும் ஐந்து இறக்கைதான். கருமருது காயின் இறக்கை அகலம். அதில் ஓடும் கோடுகள் நேர் குறுக்காகப் போகும். நீர்மருது இறக்கை குறுகலாக, விறைப்பாக இருக்கும். கோடுகள் மேல்நோக்கி வளையும். அவ்வளவு நுணுக்கம் வேண்டாம் என்றால் பட்டையைப் பாருங்கள். கருமருதின் பட்டை கறுத்து, முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். அது பெரும்பாலும் கரைமேல் காட்டு மரம். நீர்மருதுதான் கால் நனைத்து நிற்பது.

நீர்க்கடம்பு பற்றிச் சொல்லிவிட்டேன். அதன் பட்டையும் சாம்பல் நிறம்தான். மேலோட்டமாகச் செதில் உதிர்ந்து, விரலால் அமுக்கியது போன்ற ஆழமில்லாத பள்ளங்கள் தெரியும். கிளைகள் எதிரெதிர் ஜோடியாகப் பிரியும். இலை உதிர்ந்த தழும்புகளும் ஜோடியாகத்தான் இருக்கும். இரண்டு தழும்பையும் இணைத்துக் குறுக்கே ஒரு கோடு ஓடுவதைக் கவனிக்க வேண்டும். இளம் இலையை மூடியிருந்த இலையடிச் செதில் விழுந்த அடையாளம் அது. காப்பிச் செடியின் குடும்பத்துக்கே இது பொதுவான முத்திரை. கிளை நுனியில் உள்ள மொட்டு இரண்டு செதில்களுக்குள் தட்டையாக, கைகூப்பினதுபோல் மூடியிருக்கும். பந்து பந்தாகக் காய்ந்த காய்க்கொத்துகள் கிளை நுனியிலேயே பங்குனிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். இதன் மரம் கடைசலுக்கும் செதுக்கு வேலைக்கும் ஏர் சாமான்களுக்கும் உதவுவது. இதை விறகு விலைக்குக் கொடுப்பது நஷ்டம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மாவிலங்கம் இதற்கு நேர் எதிர். கிளைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறிப் பிரியும். பட்டை வழவழப்பான சாம்பல். குறுக்கே சுருக்கங்கள் ஓடும். இளங்கிளைகளில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்ததுபோல் இருக்கும். நீண்ட காம்பில் தொங்கும் முட்டை வடிவப் பழம், அல்லது அந்தக் காம்பு மட்டுமாவது எங்காவது மிஞ்சியிருக்கும். புது இலையும் வெள்ளைப் பூவும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிற மரம் இது. அதனால் பதினைந்து நாள் பொறுத்திருந்தால் மரமே தன் பெயரைச் சொல்லிவிடும். என்னுடைய தவறு என்னவென்றால் பட்டையை மட்டும் பார்த்தேன், கிளை பிரிகிற முறையைப் பார்க்கவில்லை. பட்டை வயதுக்குத் தக்கபடி மாறும். வெயில் படும் பக்கம் ஒரு மாதிரி, பாசி படியும் பக்கம் ஒரு மாதிரி இருக்கும். கிளை பிரிகிற முறையோ மாறாது.

அத்தி விஷயத்தில் சிரமமே இல்லை. அடிமரத்திலேயே காய் பிடித்த முண்டுகள் இருக்கும். கீறினால் பால் வரும். கிளையில் ஒவ்வொரு கணுவிலும் மோதிரம் போட்டதுபோல் சுற்றிலும் ஒரு வளையம் தெரியும். ஆல், அரசு, அத்தி என்று அந்தக் குடும்பம் முழுவதற்குமே மோதிர முத்திரை உண்டு. புங்கன் சில நாட்களே மொட்டையாக நிற்கும். அப்போதும் ஒரு விதைத் தட்டைக் காய் கொத்துக்கொத்தாகத் தொங்கும். நாவல் மொட்டையாகிக் குழப்பம் கொடுக்கிற மரம் அல்ல. இலுப்பையின் கிளை நுனி தடித்து, இலைத் தழும்புகள் நெருக்கமாகக் குவிந்திருக்கும், கீறினால் பால். வெப்பாலையில் இரட்டைக் காய், நுனி ஒட்டியபடி தொங்கும்.

மலையிலிருந்து இறங்கிச் சமவெளி ஏரிகளுக்கு வந்தால் செங்கடம்பு என்கிற சமுத்திரப்பழ மரம் ஒன்று உண்டு. நாலு பட்டைக் காயும், சாட்டைபோல் தொங்கும் பூந்தண்டும் அதற்கு அடையாளம். இதன் பட்டையையும் விதையையும் நசுக்கிப் போட்டால் மீன் மயங்கும். இப்போதெல்லாம் பல ஏரிகளின் உள்வாயில் கருவேலைத் தவிர வேறு மரத்தைக் காண்பது அரிதாகிவிட்டது. 1981ஆம் வருஷத்தில் ஸ்வீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் துவங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் ஏரிகளில் கருவேல் பெருவாரியாக நடப்பட்டது. விறகு கிடைத்தது, பஞ்சாயத்துக்கு வருமானமும் கிடைத்தது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரே மரத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு மற்ற நீர்க்கரை மரங்களின் பெயர் மறந்துபோயிற்று.

பெயர் என்றதும் இன்னொரு தொல்லை நினைவுக்கு வருகிறது. நம் ஊர்ப் பெயர்கள் அழகானவை, ஆனால் ஆபத்தானவை. கடம்பு என்றால் எந்தக் கடம்பு? வெண்கடம்பு, மஞ்சக்கடம்பு, நீர்க்கடம்பு மூன்றும் உறவுக்காரர்கள். செங்கடம்பு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. பாலை இன்னும் மோசம். வெப்பாலை, குடசப்பாலை, ஏழிலைப்பாலை, உலக்கைப்பாலை என்று நாலும் பால் வடிக்கிறவை. ஆற்றுப்பாலை என்று ஒன்று இருக்கிறதே, அதில் கீறினால் பாலே வராது! அது மேல்நாட்டில் கூடை முடைகிற வில்லோ மரத்தின் இனம். அதன் மொட்டை ஒரே ஒரு செதில் தொப்பிபோல் மூடியிருக்கும். ஆகவே ஊரில் ஒருவர் பெயர் சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பெயரை மட்டும் நம்பி விலை பேசவோ, மருந்துக்குப் பட்டை எடுக்கவோ கூடாது.

மருந்து என்றதால் சொல்கிறேன். மருதம்பட்டைக்கு இருதய மருந்து என்ற முறையில் நல்ல கிராக்கி இருக்கிறது. இலையில்லாத காலத்தில் வேறு எதையாவது உரித்து மருதம்பட்டை என்று விற்பதும் நடக்கிறது. சரியான மரத்தையே சுற்றிலும் உரித்துக் கொன்றுவிடுவதும் நடக்கிறது. இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்குவது பட்டை வழியாகத்தான். சுற்றிலும் உரித்தால் வேர் பட்டினியால் சாகும். ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு சாண் அகலத்துக்கு மேற்படாமல், மேல்பட்டையை எடுத்துவிட்டு அந்தப் புண் ஆறும்வரை மரத்தைத் தொடாமல் இருப்பதே முறை.

அடையாளம் பார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தெரியாத மரத்தைக் கீறி அந்தப் பாலையோ சாற்றையோ நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். சேராங்கொட்டை மரத்தின் சாறு பட்டால் தோல் கறுத்துக் கொப்பளித்துவிடும். கண்ணில் படும் பால் எதுவானாலும் கெடுதல்தான். முகர்ந்து பார்க்கலாம், நிறம் பார்க்கலாம், அதுவே போதும்.

இதெல்லாம் தாவர சாஸ்திரப் புத்தகங்களில் இல்லையா என்று கேட்கலாம். கேம்பிள் துரை 1915இல் வெளியிடத் துவங்கிய சென்னை ராஜதானித் தாவரங்கள் பற்றிய நூல் இன்றைக்கும் துணை. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினெட் தாவர நிலையத்தில் பாதிரியார் கே.எம். மேத்யூ 1980களில் கொண்டுவந்த கர்நாடகப் பிரதேசத் தாவரத் தொகுதி நம் கிழக்கு மலைகளுக்கு மிகச் சிறந்த நூல். ஆனால் இந்த நூல்களின் திறவுகோல் எல்லாம் பூவையும் காயையும் இலையையும் கேட்கும். கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் தென்மண்டல நிலையத்தில் உலர்த்தி ஒட்டிய மாதிரிகள் இருக்கின்றன. அவையும் பெரும்பாலும் இலையோடும் பூவோடும் எடுத்தவையே. அது நியாயம்தான், விஞ்ஞானத்துக்குப் பூதான் ஆதாரம். மரத்தை வெட்டிய பிறகு அடையாளம் காணவும் வழி இருக்கிறது. கேம்பிளே 1881இல் இந்திய மர வகைகள் பற்றி ஒரு கையேடு எழுதினார். பெங்களூர் மல்லேஸ்வரத்திலுள்ள மர விஞ்ஞான நிலையத்தில் வெட்டுமுகத்து நுண்துளைகளைப் பார்த்து என்ன மரம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் வெட்டியபின் பெயர் தெரிந்து குடியானவனுக்கு என்ன லாபம்?

மேல்நாட்டில் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் மரங்கள் மொட்டையாக நிற்கும். ஆகவே அவர்கள் கிளை நுனி, மொட்டு, இலைத் தழும்பு இவற்றை மட்டும் வைத்து மரங்களை அறியத் தனிக் கையேடுகள் செய்துகொண்டார்கள். அமெரிக்கத் தாவர விஞ்ஞானி வில்லியம் ட்ரெலீஸ் 1918இலேயே குளிர்காலத் தாவரவியல் என்று ஒரு நூல் வெளியிட்டார். பள்ளிப் பிள்ளைகள்கூட அங்கே பனிக்காலத்தில் சுள்ளி பொறுக்கி மரத்தின் பெயர் சொல்கிறார்கள். நமக்குக் குளிர்காலக் கையேடு வேண்டாம். கோடைக் கையேடு வேண்டும். மாசி முதல் சித்திரைவரை உபயோகிக்கும்படி, தமிழில், ஐம்பது மரத்துக்கு, ஒவ்வொன்றுக்கும் பட்டை, கிளை நுனி, கீழே கிடக்கும் காய் என்று மூன்று படம் போட்டால் போதும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரியே இருக்கிறது. ஒரே ஒரு கோடையின் வேலை இது.

இப்போது கைப்பேசியில் படம் எடுத்தால் மரத்தின் பெயர் வந்துவிடுகிறதே என்பார்கள் இளைஞர்கள். நானும் சோதித்துப் பார்த்தேன். இலையும் பூவும் காட்டினால் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. மொட்டைக் கிளையையும் பட்டையையும் காட்டினால் ஒரே மரத்துக்கு மூன்று படத்தில் மூன்று பெயர் சொன்னது. அதைப் பழிக்கவில்லை, அதற்குக் காட்டிய படங்கள் அப்படி. நாம்தான் மொட்டை மரத்தைப் படம் எடுப்பதில்லை. அழகில்லை என்று விட்டுவிடுகிறோம்.

காவலூரில் 2.3 மீட்டர் குறுக்களவுள்ள தொலைநோக்கியை வைத்து, கண்ணுக்கெட்டாத நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்து அது எந்த வகை என்று சொல்கிறார்கள். 1986 முதல் அந்த நிலையத்துக்கு வைணு பாப்புவின் பெயர். அதே மலையில் ஓடைக் கரையில் கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கும் மரத்துக்குப் பெயர் தெரியாமல் விறகுக்கு விற்கிறோம் என்பது எனக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது.

பெயர் தெரிந்தவர்கள் மலையில் இல்லாமல் இல்லை. மலையாளி மக்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இருட்டில் பட்டையைத் தடவிச் சொல்லக் கூடியவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கலைக்கு இன்று கூலி கொடுப்பவர்கள் யார் என்பதுதான் வேதனை. மரம் அறிந்தவன், மரம் வெட்டத் தெரிந்தவன் என்றுதான் ஆந்திரக் காட்டுச் செம்மரத்துக்கு இந்த மலையிலிருந்து ஆள் பிடித்துப் போனார்கள். 2015ஆம் வருஷம் ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக்காரர் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்த மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். கடத்தலை நான் ஆதரிக்கவில்லை. கடத்தல்காரன் விலை கொடுக்கிற அறிவுக்கு அரசாங்கம் ஏன் விலை கொடுக்கக் கூடாது என்றுதான் கேட்கிறேன். மரக் கணக்கெடுப்புக்கும் விதை சேகரிப்புக்கும் நாற்றங்காலுக்கும் இவர்களை வழிகாட்டிகளாக நியமித்து நாள் சம்பளம் கொடுக்கலாம். மலையிலுள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பங்குனியில் ஒரு நாள் ஓடைக் கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய், ஊர்ப் பெரியவரே பாடம் நடத்தட்டும். அந்த ஒரு நாளைக்கு ஆசிரியரும் மாணவராக உட்காரலாம்.

முக்கியமான யோசனை ஒன்று பாக்கி. பட்டுப்போன மரத்தை அகற்ற அனுமதி கேட்டு மனு கொடுப்பவர்கள் பெரும்பாலும் கோடையில்தான் கொடுக்கிறார்கள். தணிக்கைக்கு வருபவரும் கோடையில்தான் வருவார். பங்குனியில் ஓடைக் கரையில் நின்றுகொண்டு இது பட்டுப்போன மரம் என்று எழுதுவது, இரவில் நின்றுகொண்டு சூரியன் இல்லை என்று எழுதுவதற்குச் சமம். இலை உதிர்க்கும் மரம் பட்டுப்போனது என்று சான்று கொடுப்பதை வைகாசி பிறந்த பிறகுதான் செய்ய வேண்டும் என்று ஒரு வரி உத்தரவு போட்டால் போதும். அரசாங்கத்துக்கு ஒரு காசு செலவில்லை. சாலையில் சாயும் நிலையில் உள்ள மரத்துக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம். 1955ஆம் வருஷத்து மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் போன்றவை வெட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்று சொல்கின்றன. எந்த மாதத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதை நடைமுறையில்தான் சேர்க்க வேண்டும்.

விவசாயிகள் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓடைக் கரையில், ஏரிக் கரையில் உங்கள் பட்டாவில் நிற்கும் மரங்களுக்கு ஐப்பசியிலேயே சுண்ணாம்பால் ஒரு நம்பர் போட்டு, பெயர் கேட்டு, பழைய நோட்டில் எழுதி வையுங்கள். இலையும் பூவும் இருக்கும்போது ஒரு கிளையை மடித்துக் காகிதத்துக்குள் வைத்துக் காயவைத்தால் இன்னும் நல்லது. மாசியில் வியாபாரி வரும்போது நோட்டைப் பார்த்து விலை பேசலாம். பெயர் தெரியாத மரமாக இருந்தால் விலை பேசாதீர்கள். இரண்டு மாதம் பொறுப்பதால் மரம் ஓடிப்போகாது.

கரை மரத்தின் விலை அதன் கட்டையில் மட்டும் இல்லை. 2024 டிசம்பர் துவக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை திருவண்ணாமலை மாவட்டத்தை எப்படிப் புரட்டிப் போட்டது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். தத்தம் ஓடையில் எந்த இடத்தில் கரை நின்றது, எந்த இடத்தில் கரைந்து நிலத்தை இழுத்துப் போனது என்று ஒருமுறை நடந்து பாருங்கள். நீர்மருதும் நீர்க்கடம்பும் புங்கனும் வேர் பின்னி நின்ற இடத்தையும், வெட்டி வெறுமையாக்கிய இடத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். கிணறு தோண்ட இடம் பார்க்கிறவர்களும் இந்த மரங்களைத் தேடுவது உண்டு. வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் மரத்தையும் புற்றையும் கொண்டு நீரூற்று காண்பதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். அதில் சொன்ன அடிக் கணக்கை நான் அப்படியே நம்புகிறவன் அல்ல. என்றாலும் நீர்மருது தானாக முளைத்துப் பெருத்திருக்கிற இடத்தில் ஈரம் தொலைவில் இராது என்பதை அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

வைகாசிக் கடைசியில் மறுபடி அந்த ஊருக்குப் போனேன். இரண்டு மரம் முழுவதும் தழைத்துக் கிணற்றுக்கு நிழல் போட்டுக்கொண்டு நின்றன. ஒன்றில் மஞ்சள் கலந்த வெள்ளையில் உருண்டைப் பூக்கள் வரத் துவங்கியிருந்தன, தேனீ மொய்த்தது. மூன்றாவது மரம் உண்மையிலேயே பட்டுப்போனதுதான். நிலத்துக்காரர் அனுமதி கேட்டு மனு எழுதிக்கொண்டிருந்தார். கிடைத்தால் ஆட்டுப் பட்டிக்குக் கால் ஊன்ற உதவும் என்றார்.